குமிழா, குப்பையா?

1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே காலராக் கிருமியைத் திரவ ஊடகத்தில் வளர்த்தார். பிறகு கிருமிகளை ஒன்றுவிடாமல் வடிகட்டி நீக்கினார். மிஞ்சிய தெளிந்த நீரை, முயலின் குடலில் நூலால் கட்டிப் பிரித்த ஒரு துண்டுக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்த நீருக்குக் குடல்துண்டு நீர்கோத்து வீங்கியது. கிருமி செத்துச் சிதைந்தால்தான் காலராவின் நஞ்சு வெளிப்படும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அடி. 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மிகச் சிறியது. காலரா ஆய்வின் போக்கையே திருப்பியது.

வடிநீர் தெளிவாக இருந்தால் அதில் இருப்பதெல்லாம் கரைந்த பொருள் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. காலரா நஞ்சைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தியது. 1969இல் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலுட்டோவும் அதைத் தூய புரதமாகவே பிரித்தெடுத்தார்கள். ஆனால் பாக்டீரியா வளர்ந்த நீரை எவ்வளவு வடிகட்டினாலும் அதில் கரையாத சங்கதிகளும் மிஞ்சுகின்றன. 1967இல், அதே கல்கத்தாவில், அதே காலராக் கிருமியை மெல்லிய சீவல்களாக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த எஸ். என். சாட்டர்ஜியும் ஜே. தாஸும் கிருமியின் வெளிச்சுவர் ஆங்காங்கே புடைப்பதையும், புடைத்த இடம் கழுத்து நெரிபட்டுத் தனிக் குமிழாகப் பிரிவதையும் படங்களுடன் வெளியிட்டார்கள். உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் செல்லே தன் சுவரின் ஒரு பகுதியை வெளியே தள்ளுகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

அவர்கள் மட்டும் தனியாக இதைக் காணவில்லை. லண்டனில் எலிசபெத் வொர்க்கின் குழு 1965, 66ஆம் ஆண்டுகளில் வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்திருந்தது. லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாத ஒரு ஈ. கோலை வகையை, லைசினைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்து வளர்த்தபோது, ஊடகத்தில் லிப்போபாலிசாக்கரைடு ஏராளமாகச் சேர்ந்தது. பாக்டீரியாவின் வெளிச்சுவரிலேயே இருக்க வேண்டிய கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் அது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் மேற்பரப்பு முழுக்கக் கொப்புளங்கள்.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் கிடைத்த வரவேற்பு மந்தமானது. அதற்குக் காரணம் இருந்தது. லைசின் பட்டினி போட்ட செல் எதையும் உதிர்க்கும்; சீவி, சாயமேற்றி, உலர்த்திய செல்லிலும் எந்த வடிவமும் தோன்றலாம். சாகிற செல்லின் கிழிசல், தயாரிப்பில் வந்த பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. பலரும் ஒதுக்கிவிட்டுத்தான் போனார்கள். 1976இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் எந்தப் பட்டினியும் இல்லாமல் இயல்பாக வளரும் ஈ. கோலையும் புறச்சவ்வுத் துண்டுகளை வெளியிடுகிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை. அது தீராமல் இருந்தது நல்லதுக்குத்தான் என்பது என் கருத்து. குமிழ்களை அடையாளம் காணும் முறைகள் இன்று இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்தச் சந்தேகக்காரர்களும் காரணம்.

கேள்வி இதுதான். ஒரு வளர்ப்பு நீரில் 100 நானோமீட்டர் அளவில் உருண்டையாக ஏதோ மிதக்கிறது. அது பாக்டீரியா வெளியிட்ட சவ்வுக் குமிழ் என்று எதை வைத்துச் சொல்வது? 'உருண்டையாக இருக்கிறது' என்பது பதில் ஆகாது. ஒரு பொருளின் உருவத்தைக் காட்டுவது ஒரு வேலை. அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுவது வேறு வேலை. இந்தத் துறையில் நடந்த பெரும்பாலான தடுமாற்றங்கள் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணியதால் வந்தவை.

முதலில் குமிழ் எங்கிருந்து பிரிகிறது என்று பார்த்துவிடலாம். ஈ. கோலை, காலராக் கிருமி, மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உள்ளே சைட்டோபிளாசத்தை மூடும் உட்சவ்வு. வெளியே லிப்போபாலிசாக்கரைடு பூசிய புறச்சவ்வு. நடுவில் ஒரு குறுகிய இடைவெளி. அந்த இடைவெளியில் பெப்டிடோகிளைக்கன் என்ற மெல்லிய வலை ஓடுகிறது. புறச்சவ்வு இந்த வலையோடு பிரௌன் லிப்போபுரதம் போன்ற கட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. எங்கே கட்டு தளர்கிறதோ, எங்கே புறச்சவ்வின் வெளியடுக்கில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்கிறதோ, அங்கே சவ்வு வெளிப்பக்கமாகப் புடைக்கும். இப்படிச் சேரும் கொழுப்பைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஒரு கடத்தி அமைப்பு பல பாக்டீரியாக்களில் உண்டு; அது குறைந்தால் குமிழ்கள் கூடுகின்றன என்று 2016இல் ரோயரும் சகாக்களும் காட்டினார்கள்.

இப்படிப் பிரியும் குமிழ் பொதுவாக 20 முதல் 250 நானோமீட்டர் வரை இருக்கும். அதன் தோல் புறச்சவ்வு, வயிற்றில் இருப்பது சவ்விடை நீர். உட்சவ்வும் சைட்டோபிளாசமும் அதில் இருக்கக் கூடாது. இந்த 'இருக்கக் கூடாது' என்பதுதான் பின்னால் அடையாளச் சோதனைகளுக்கு ஆதாரமாகிறது.

இப்போது ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். பிளாஸ்கில் இரவு முழுக்க ஷேக்கரில் ஆடி வளர்ந்த ஒரு லிட்டர் வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். முதலில் சென்ட்ரிபியூஜில் புவியீர்ப்பைப் போல் சுமார் 10,000 மடங்கு விசையில் சுற்றினால் செல்கள் அடியில் படிந்துவிடும். மேல்நீரை 0.45 அல்லது 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் செலுத்துகிறார்கள். வடிநீரில் கொஞ்சத்தை அகார் தட்டில் ஊற்றி ஒரு நாள் வைத்து, ஒரு காலனிகூட முளைக்கவில்லை என்று உறுதிசெய்வது வழக்கம். வழக்கம் என்று சொன்னாலும் எல்லாரும் செய்வதில்லை. அளவு அதிகமாக இருந்தால் வடிநீரைச் சவ்வுவழிச் சுற்றோட்ட முறையில் சுண்டவைத்துவிட்டு, அல்ட்ரா சென்ட்ரிபியூஜில் சுமார் 1,50,000 மடங்கு விசையில் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் அனுபவசாலிகள் ஒரு சிறு வேலை செய்வதைப் பார்க்கலாம். குழாயைச் சாய்வாகப் பொருத்தும் ரோட்டரில் படிவு குழாயின் நடு அடியில் சேராது. வெளிப்பக்கச் சுவரில் ஒட்டும். அதுவும் கண்ணாடிபோல, வெளிர் பழுப்பாக, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத படலமாக இருக்கும். ஆகவே சுற்றுவதற்கு முன்பே குழாயின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுகிறார்கள். சுற்றி முடிந்ததும் மேல்நீரைப் புள்ளிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் கொட்டி, புள்ளிக்கு நேர் உள்ளே பிப்பெட் முனையை வைத்து, நுரை கிளம்பாமல், கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்து எடுப்பார்கள். புள்ளி வைக்க மறந்தவர்கள் மேல்நீரோடு படிவையும் சேர்த்துக் கொட்டிவிடுவது புதிதல்ல.

அந்தப் படிவில் என்ன இருக்கிறது? குமிழ்கள் இருக்கலாம். கூடவே ஒடிந்த நீந்திழைகள் இருக்கும். ஈ. கோலையின் நீந்திழை சுமார் 20 நானோமீட்டர் தடிமன்தான் என்றாலும் நீளம் பல மைக்ரோமீட்டர். வடிகட்டித் துளையில் நெடுக்காக நுழைந்துவிடும். பைலி இழைகள் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட புரதக் கட்டிகள், செத்த செல்களிலிருந்து சிந்திய ரைபோசோம்கள், டி.என்.ஏ. நூல்கள் இருக்கும். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களான ஃபேஜ்களும் இருக்கும். லாம்டா ஃபேஜின் தலை 60 நானோமீட்டர் அளவு. வாலொடிந்து கிடந்தால் அவசரத்தில் பார்ப்பவருக்குக் குமிழாகத் தெரிய எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு.

இதில் பலரும் மறக்கும் ஒரு கலப்படம் ஊடகத்திலேயே இருக்கிறது. பாக்டீரியா ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் புழங்கும் எல்.பி. ஊடகம் டிரிப்டோனும் ஈஸ்ட் சாறும் உப்பும் கலந்தது. ஈஸ்ட் சாறு ஈஸ்ட் செல்களை உடைத்து எடுத்தது. உடைந்த செல்லின் சவ்வுச் சிதறல்கள் அதில் வருவது இயல்பு. 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்தால் உயிர்கள் சாகும். துகள்கள் மறையாது, சில சமயம் புதிதாக உண்டாகும். மூளை இதய ஊடகத்தின் பெயரிலேயே அதன் மூலப்பொருள் இருக்கிறது. கன்றுக்குட்டியின் சீரம் சேர்த்து வளர்க்க வேண்டிய கிருமிகளின் கதை இன்னும் மோசம். சீரத்தில் மாட்டின் செல்கள் வெளியிட்ட குமிழ்களே கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அளவும் தோற்றமும் மிதவைத் தன்மையும் பாக்டீரியாக் குமிழை ஒத்தவை.

இதற்குச் செய்ய வேண்டிய கன்ட்ரோல் மலிவானது. பாக்டீரியா போடாத அதே ஊடகத்தை, அதே பிளாஸ்கில், அதே நேரம் ஆட்டி, அதே வடிகட்டி, அதே ரோட்டர் என்று ஒவ்வொரு படியிலும் கூடவே கொண்டுபோக வேண்டும். கடைசியில் இரண்டு குழாய்களிலும் துகள் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். ஒரு கட்டுரையில் நான் முதலில் தேடுவது இந்த வெற்று ஊடகத்தின் எண்ணிக்கையைத்தான். அது இல்லாத கட்டுரையின் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சீரமோ ஈஸ்ட் சாறோ இல்லாமல், வேதிப்பொருள்களை மட்டும் அளந்து கலந்த ஊடகத்தில் வளர்ப்பது இன்னும் நல்ல வழி. ஆனால் எல்லாக் கிருமியும் அதில் வளர ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொள்ளும் கிருமியும் அதே அளவு, அதே உள்ளடக்கமுள்ள குமிழை விடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

படிவை அப்படியே பயன்படுத்தாமல் அடர்த்திச் சரிவில் பிரிப்பது அடுத்த படி. அயோடிக்சனால் கரைசலைக் கீழே அடர்த்தியாகவும் மேலே நீர்க்கவும் அடுக்கி, மாதிரியை அடியில் வைத்துப் பல மணி நேரம் சுற்றுகிறார்கள். கொழுப்புச் சவ்வு உள்ளவை தம் அடர்த்திக்கேற்ற உயரத்துக்கு மிதந்து மேலேறும். புரதக் கட்டிகள் பெரும்பாலும் கீழேயே தங்கும். மாதிரியை மேலே வைத்துச் சுற்றுவதைவிட இது நல்லது. மேலிருந்து எதுவும் கீழே விழலாம். அடியிலிருந்து மேலே வர மிதக்கும் தன்மை வேண்டும். அளவு வாரியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபிக் குழல்களையும் பயன்படுத்துகிறார்கள். அவை மென்மையானவை, குமிழை நசுக்காது. ஆனால் ஒரே அளவுள்ள ஃபேஜையும் குமிழையும் அவை பிரித்துத் தராது.

பிரித்தபின் பார்க்க வேண்டும். 100 நானோமீட்டர் பொருளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் உருவத்தோடு காண முடியாது. ஒளியின் அலைநீளமே அதைவிடப் பெரியது. அதனால் எலக்ட்ரான் நுண்ணோக்கி. யுரேனைல் அசிட்டேட் கொண்டு பின்னணியைக் கறுப்பாக்கும் முறை விரைவானது, பரவலானது. அதில் குமிழ்கள் நடுவில் குழிந்த கிண்ணம்போலத் தெரியும். பல கட்டுரைகள் இந்தக் கிண்ண வடிவத்தையே குமிழின் முத்திரையாக எழுதின. அது குமிழின் வடிவமே அல்ல. சாயமேற்றி உலர்த்தும்போது நீர் வற்றி, காற்றிறங்கிய பந்துபோல நடுவில் அமுங்கியதால் வந்த தோற்றம். மாதிரியை நொடிக்குள் உறையவைத்து, உலர விடாமல், பனிக்கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் கிரையோ நுண்ணோக்கியில் அதே குமிழ்கள் உருண்டையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி இரட்டைக் கோடாகச் சவ்வின் இரு அடுக்குகளும் தெரிகின்றன.

கிரையோ படங்கள் வேறொன்றையும் காட்டின. அண்டார்டிகாவில் கிடைத்த ஷெவனெல்லா வெசிகுலோசா என்ற பாக்டீரியத்தின் குமிழ்களைப் பார்சிலோனா ஆய்வாளர்கள் 2013இல் இப்படிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் ஒரே சவ்வு இருந்தது. மிகச் சிலவற்றில் மட்டும் சவ்வுக்குள் இன்னொரு சவ்வு. உட்சவ்வும் சைட்டோபிளாசமும் சேர்ந்தே வெளியேறியிருந்தன. வெறும் சாயமேற்றிய படத்தில் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. குமிழுக்குள் டி.என்.ஏ. எப்படி வருகிறது என்ற பழைய புதிருக்கு இது ஒரு பாதி விடை. புறச்சவ்வு மட்டும் புடைத்துப் பிரிந்தால் சைட்டோபிளாசத்தில் இருக்கும் டி.என்.ஏ. அதற்குள் நுழைய வழியில்லை அல்லவா?

எண்ணிக்கைக்கு வருவோம். துகள் தடமறியும் கருவி ஒரு லேசர் கற்றையில் மிதக்கும் துகள்களின் நடுக்கத்தைப் படம்பிடிக்கிறது. 1827இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத் துணுக்குகளில் கண்ட அதே ஓயாத நடுக்கம். 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் கொடுத்த அதே உறவு. சிறிய துகள் அதிகம் நடுங்கும், பெரியது குறைவாக. நடுக்கத்திலிருந்து அளவும், காட்சியில் எத்தனை துகள் என்பதிலிருந்து செறிவும் கிடைக்கின்றன. ஒரு மில்லி லிட்டருக்கு இத்தனை கோடி என்று திரையில் வந்துவிடும் எண்ணில் ஒரு மயக்கம் இருக்கிறது. கருவிக்குக் குமிழ் தெரியாது, துகள்தான் தெரியும். பாஸ்பேட் பஃபரில் படிந்த கால்சியம் உப்புத் துகளும் அதற்கு ஒன்றுதான். 50 நானோமீட்டருக்குக் கீழே உள்ள குமிழ்களோ அதன் கண்ணுக்கே எட்டுவதில்லை. பாக்டீரியாக் குமிழ்களில் கணிசமானவை அந்தச் சிறிய கூட்டத்தில் இருக்கின்றன.

ஒளிச்சிதறலை மொத்தமாக அளக்கும் இன்னொரு முறையில் சிக்கல் வேறு. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது 20 நானோமீட்டர் துகளைவிடப் பத்து மடங்கு பெரிய 200 நானோமீட்டர் துகள் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். நாலைந்து புரதக் கட்டிகள் கலந்திருந்தாலும் ஆயிரக்கணக்கான சிறு குமிழ்களின் குரல் அதில் அமுங்கிவிடும்.

அதனால் எண்ணிக்கையோடு வேதியியலையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சவ்வுக்குள் நுழைந்தால் மட்டும் பிரகாசமாக ஒளிரும் எஃப்எம் 4-64 போன்ற சாயங்கள் கொழுப்பு இருப்பதைச் சொல்லும். லிப்போபாலிசாக்கரைடுக்கே உரிய கேடிஓ என்ற சர்க்கரையை அளந்தால் புறச்சவ்வுப் பொருள் இருப்பது தெரியும். ஆனால் லிப்போபாலிசாக்கரைடு குமிழாக இல்லாமல் தனித் திரள்களாகவும் நீரில் மிதக்கும். மொத்தப் புரத அளவை மட்டும் நம்பினால் நீந்திழைகளையும் குமிழ் என்று எண்ணிவிடுவோம். நீந்திழை என்பதே முழுக்கப் புரதம். சில குழுக்கள் நீந்திழைக்கான மரபணுவையே நீக்கிய வகையை வளர்த்து இந்தத் தொல்லையைத் தவிர்க்கின்றன.

ஜெல்லில் புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது இதைவிட நேரான சாட்சி. ஈ. கோலையின் குமிழில் ஓம்ப்-ஏ, ஓம்ப்-சி, ஓம்ப்-எஃப் என்ற புறச்சவ்வுப் புரதங்கள் தடித்த பட்டைகளாக வர வேண்டும். அதே மாதிரியில் உட்சவ்வுப் புரதமும், குரோ-ஈஎல் போன்ற சைட்டோபிளாசப் புரதமும் வரக் கூடாது, அல்லது முழுச் செல்லோடு ஒப்பிட்டால் மங்கிப்போயிருக்க வேண்டும். வேண்டியது இருக்கிறது என்று மட்டும் காட்டி, வேண்டாதது இல்லை என்று காட்டாமல் விடும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

குமிழுக்குள் ஒரு நஞ்சோ நொதியோ இருக்கிறது என்று சொல்கிறவர்கள் செய்ய வேண்டிய சோதனை நான்கு குழாய்களில் முடிந்துவிடும். முதல் குழாயில் மாதிரி மட்டும். இரண்டாவதில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ்-கே. மூன்றாவதில் சவ்வைக் கரைக்கும் சோப்புப் பொருள் மட்டும். நான்காவதில் இரண்டும். அந்த நஞ்சு உண்மையிலேயே குமிழுக்குள் பத்திரமாக இருந்தால் முதல் மூன்றிலும் பிழைத்து நான்காவதில் மட்டும் அழியும். இரண்டாவது குழாயிலேயே அழிந்தால் அது குமிழின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அல்லது பக்கத்தில் சும்மா மிதந்தது. மூன்றாவதில் அழிந்தால் சோப்பே அதைக் கெடுக்கிறது, சோதனை செல்லாது. நான்காவதிலும் அழியாவிட்டால் அந்தப் புரதத்தைப் புரோட்டினேஸ் தொடுவதே இல்லை, அப்போதும் செல்லாது. டி.என்.ஏ.வுக்கும் இதே தர்க்கம். சிதைக்கும் நொதி மட்டும் வேறு. குமிழின் வெளியில் டி.என்.ஏ. பிசுபிசுவென்று ஒட்டும் இயல்புடையது என்பதால் 'குமிழில் மரபணு கண்டோம்' என்ற செய்திகளுக்கு இந்த நான்கு குழாய்கள் அவசியம்.

இதெல்லாம் தேறிவிட்டது என்று வையுங்கள். சவ்வு உண்டு, புறச்சவ்வுப் புரதம் உண்டு, வெற்று ஊடகத்தில் இல்லை. அப்போதும் பழைய சந்தேகக்காரர்களின் கேள்வி நிற்கிறது: உயிருள்ள செல் விட்டதா, செத்த செல் சிதறியதா?

2006இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மெட்டா கூனின் குழு இதை மரபணு வழியில் அணுகியது. ஈ. கோலையின் மரபணுக்களைத் தற்போக்காகக் கெடுத்துக் கெடுத்து, எந்த வகையில் குமிழ் கூடுகிறது, எதில் குறைகிறது என்று சலித்துப் பார்த்தார்கள். சில வகைகளில் குமிழ் உற்பத்தி ஐந்து மடங்கு குறைந்தது. சிலவற்றில் 200 மடங்கு வரை கூடியது. குமிழே விடாத வகை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இன்னும் முக்கியமானது, குமிழ் கூடிய வகைகளில் செல்லுறை அதே அளவுக்குப் பலவீனமாகவோ ஒழுகலாகவோ இல்லை. கூடுதல் குமிழ் என்றால் ஓட்டைச் செல் என்ற சமன்பாடு உடைந்தது. 1967இல் சாட்டர்ஜியும் தாஸும் படத்திலிருந்து ஊகித்ததற்கு நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வலுவான ஆதரவு என்று இதைச் சொல்லலாம்.

அத்தோடு முடிந்திருந்தால் நேர்த்தியான கதை. 2016இல் சிட்னியில் சிந்தியா விட்சர்ச்சின் குழு சூடோமோனாஸ் ஏருஜினோசாவை உயர்திறன் நுண்ணோக்கியில் உயிரோடு வைத்துப் பார்த்தது. குச்சி வடிவச் செல் ஒன்று திடீரென்று உருண்டையாகிறது. சில நொடிகளில் வெடிக்கிறது. சிதறிய சவ்வுத் துணுக்குகள் நீரில் தாமாகவே சுருண்டு மூடிக்கொண்டு குமிழ்களாகின்றன. வெடிக்கவைப்பது ஃபேஜ்களோடு உறவுள்ள ஒரு நொதி. அது உள்ளிருந்தே செல்லின் வலையை அரித்துவிடுகிறது. அருகிலிருக்கும் டி.என்.ஏ.வும் சைட்டோபிளாசப் புரதங்களும் சுருளும்போது உள்ளே மாட்டிக்கொள்கின்றன. டி.என்.ஏ. புதிரின் மறுபாதி விடை இங்கே கிடைத்தது.

ஆக, சந்தேகக்காரர்கள் சொன்னதும் ஒரு வகையில் உண்மை. குமிழ்களில் ஒரு பகுதி சாவிலிருந்து வருகிறது. ஆனால் அந்தச் சாவும் வெறும் விபத்து அல்ல. மரபணுவில் எழுதப்பட்ட, சில மருந்துகளால் தூண்டப்படும் நிகழ்வு. புடைத்துப் பிரிந்த குமிழ், இரட்டைச் சவ்வுக் குமிழ், வெடிப்பில் வந்த குமிழ் என்று வகை பிரிக்கும் வழக்கம் இதன் பிறகு வலுப்பட்டது. ஒரே பிளாஸ்கில் மூன்றும் கலந்திருக்கலாம். வளர்ப்பைச் செல்கள் வேகமாகப் பெருகும் கட்டத்தில் அறுவடை செய்தால் முதல் வகை மேலோங்கும். இரவு முழுக்க விட்டு, செல்கள் நெருக்கியடித்துப் பசியில் கிடக்கும் கட்டத்தில் எடுத்தால் சாவுச் சரக்கும் சேரும். எந்த மணிநேரத்தில் பிளாஸ்கை இறக்கினீர்கள் என்பதே கிடைக்கும் குமிழின் வகையை மாற்றிவிடும். பீட்டா கேலக்டோசிடேஸ் போன்ற உட்செல் நொதி மேல்நீரில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று அளப்பது இதற்கான எளிய காவல்.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவற்றுக்குப் புறச்சவ்வே இல்லை. ஒரே சவ்வு, அதன்மேல் தடித்த பெப்டிடோகிளைக்கன் மதில். மதிலைத் தாண்டிக் குமிழ் எப்படி வரும் என்று நீண்டகாலம் பலரும் அக்கறை காட்டவில்லை. 2009இல் தென்கொரியக் குழு ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் குமிழ்களைப் புரதப் பட்டியலோடு வெளியிட்டபின் நிலைமை மாறியது. 2017இல் பேசில்லஸ் சப்டிலிஸில், மரபணுத் தொகுப்புக்குள் உறங்கும் ஃபேஜின் நொதி மதிலில் ஓட்டை போடுவதும், அந்த ஓட்டை வழியே சவ்வு பிதுங்கிக் குமிழாவதும், செல் அதில் சாவதும் காணப்பட்டன. இங்கே ஓம்ப் புரதங்களோ லிப்போபாலிசாக்கரைடோ கிடையாது என்பதால் ஈ. கோலைக்கு வகுத்த அடையாளச் சோதனைகளை அப்படியே எடுத்துவர முடியாது. உட்சவ்வுப் புரதம் இருப்பது அங்கே குற்றம், இங்கே சாட்சி.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தடுப்பூசியைக் காட்டலாம். மெனிங்கோகாக்கஸின் 'பி' வகையை மற்ற வகைகளைப் போல மேலுறைச் சர்க்கரையால் தடுக்க முடியவில்லை; அந்தச் சர்க்கரை மனித நரம்புத் திசுவில் இருப்பதை ஒத்தது. மாற்றாகக் கியூபாவும் நார்வேயும் 1980களில் புறச்சவ்வுக் குமிழ்களைத் தடுப்பூசியாக்கின. நியூசிலாந்தில் பரவிய ஒரு வகைக்கென்றே செய்த தடுப்பூசி 2004இல் அங்கே வந்தது. 2013இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற பெக்செரோ தடுப்பூசியிலும் அதே நியூசிலாந்து வகையின் குமிழ்கள், மூன்று செயற்கைப் புரதங்களோடு சேர்ந்து உள்ளன.

இந்தக் குமிழ்கள் கிருமி தானாக விட்டவை அல்ல என்பது கவனிக்க வேண்டியது. டிஆக்சிகோலேட் என்ற சோப்புப் பொருளால் செல்களிலிருந்து உருவியவை. காய்ச்சலையும் அதிர்ச்சியையும் கிளப்பும் லிப்போபாலிசாக்கரைடை அந்தச் சோப்பு பெருமளவு கழுவிவிடுகிறது. தடுப்பூசியாக்க அதுதான் தேவைப்பட்டது. கூடவே சில லிப்போபுரதங்களும் போய்விடுகின்றன. அதனால் சோப்பில் உருவிய குமிழும் இயல்பாக உதிர்ந்த குமிழும் அளவில் ஒன்றாக இருந்தாலும் உடம்பு அவற்றுக்குத் தரும் பதில் ஒன்றாக இருப்பதில்லை. நியூசிலாந்துத் தடுப்பூசி போட்டவர்களுக்குக் கொனோரியா சுமார் 31 விழுக்காடு குறைவாக வந்ததாக 2017இல் 'லான்செட்' கட்டுரை காட்டியது. கொனோரியாவைத் தருவது, மெனிங்கோகாக்கஸ் சேர்ந்த நெய்சீரியா குடும்பத்தின் இன்னொரு கிருமி. இரண்டின் புறச்சவ்வுப் புரதங்களும் நெருங்கியவை. குமிழில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலுக்கு அன்றிலிருந்து மதிப்பு கூடியிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போனால் இந்தக் கருவிகளில் பாதி கைவிட்டுவிடும். 2014இல் எம்.ஐ.டி.யின் ஸ்டீவன் பில்லரும் சாலி சிஷோமும் கடலின் மிகச் சிறிய ஒளிச்சேர்க்கை பாக்டீரியமான புரோகுளோரோகாக்கஸ் வளர்ப்பில் குமிழ்களைக் கண்டார்கள். ஒரு தலைமுறைக்கு ஒரு செல் இரண்டு முதல் ஐந்து குமிழ் வரை விடுகிறது என்று கணித்தார்கள். பிறகு சர்காசோ கடலின் நீரிலும் மாசசூசெட்ஸ் கரையோர நீரிலும் குமிழ்கள் மிதப்பதைக் காட்டினார்கள். அவற்றில் பலவகை பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. இருந்தது. ஒரு ஃபேஜ், செல் என்று நினைத்துக் குமிழில் போய் உட்கார்ந்திருந்த படமும் அவர்கள் கட்டுரையில் உண்டு.

இதனால் சங்கடப்பட்டவர்கள் வைரஸ் எண்ணுகிறவர்கள். கடல்நீரில் டி.என்.ஏ. சாயம் ஏற்றி, ஒளிரும் புள்ளிகளை எல்லாம் வைரஸ் என்று எண்ணுவது பல ஆண்டு வழக்கம். டி.என்.ஏ. சுமந்த குமிழும் அதே அளவில் அதே பச்சையில் ஒளிருமே என்று 2015இல் பாரிஸின் பாத்ரிக் ஃபோர்தேரும் சகாக்களும் எச்சரித்தார்கள். கடலில் ஒப்பிட வெற்று ஊடகம் கிடையாது, மரபணு நீக்கிய வகை கிடையாது, அறுவடை மணிநேரமும் நம் கையில் இல்லை. மீதமிருந்தது அடர்த்திச் சரிவும், குமிழ்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதும்தான். 2017இல் பில்லரின் குழு அதைச் செய்தது. குமிழ்களில் மிகச் சிறிய பங்கில் மட்டுமே சாயத்தில் ஒளிரும் அளவுக்கு டி.என்.ஏ. இருந்தது. எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒரு பாக்டீரியத்துக்கும் இன்னொன்றுக்கும் பெரிதும் மாறியது. வைரஸ் கணக்கில் குமிழ் கலந்திருக்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய கணக்குகளைக் கிழித்தெறியும் அளவுக்கு அல்ல.